ஏழையின் பங்கு வெயிலில் கிடக்கலாமா?

 

மனிதன் உண்ணவேண்டிய உணவைப் பற்றிப் பேசும்போது திருக்குர்ஆன் இரண்டு சொற்களை இணைத்தே கூறுகிறது (2:168). ஒன்று ஹலால், மற்றொன்று தய்யிப். அனுமதிக்கப்பட்டது என்பது முதற்சொல்லின் பொருள். தூயது, நல்லது, உண்ணத் தக்கது என்பது இரண்டாம் சொல்லின் பொருள். இவ்விரண்டில் முதற்சொல்லின்மீது நாம் காட்டும் அக்கறைக்குக் குறைவில்லை. பிராணி கிப்லாவை நோக்கிக் கிடத்தப்பட்டதா, கத்தி கூர்மையாக இருந்ததா, அல்லாஹ்வின் திருப்பெயர் மொழியப்பட்டதா, இரத்தம் முழுமையாக வடிந்ததா என்றெல்லாம் அருகில் நின்று கவனிக்கிறோம். கவனிக்கத்தான் வேண்டும். ஆனால், அறுத்து முடிந்த அந்த நிமிடத்திலேயே நம்மில் பலருடைய அக்கறையும் முடிந்துவிடுகிறது. தய்யிப் என்னும் இரண்டாவது சொல்லின் பொறுப்போ அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது!

அறுத்த கறியைக் கெடாமல் காப்பது சமையலறைப் பெண்களின் வேலை, அதில் மார்க்கம் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். எங்கள் மஹல்லாவில் ஹஜ்ஜுப் பெருநாள் அன்று குர்பானிப் பங்குகளைப் பட்டியலிட்டு வீடுவீடாகக் கொண்டு சேர்க்கும் பணியில் இளைஞர்களோடு பல ஆண்டுகள் நடந்தவன் நான். அந்த நடையில் கண்டவற்றை வைத்துச் சொல்கிறேன்: கறியைக் குளிர்ச்சியாகக் காப்பது வெறும் சமையல் நுட்பம் அன்று. அது ஏழையின் உரிமையோடு பிணைந்த அமானிதம்.

ஒரு மூதாட்டி சொன்ன சொல்

சில ஆண்டுகளுக்கு முன்பு, பெருநாளின் மறுநாள் காலை, தெருக்கோடியில் தனித்து வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஊரில் எல்லோரும் அவரைப் பெத்தா என்றே அழைப்பார்கள். பங்குகள் வந்து சேர்ந்தனவா என்று கேட்டேன். "எட்டு வீட்டுக் கறி வந்துச்சு வாப்பா, அல்ஹம்து லில்லாஹ்" என்றார். சமைத்தீர்களா என்று கேட்டபோது சற்றுத் தயங்கினார். பிறகு மெல்லச் சொன்னார். நண்பகலுக்கும் அஸருக்கும் இடையில்தான் பைகள் எல்லாம் வந்தன. அவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. இரண்டு பைக் கறியைச் சமைத்தார். ஒன்றை அண்டை வீட்டுக்குக் கொடுத்தார். மற்றவற்றைத் திறந்தபோது மூன்று பைகளில் வாடை வீசியது. மஃரிபுக்குப் பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், அவற்றைத் தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்.

"ஏன் பெத்தா, யாரிடமாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"கொடுத்தவங்க மனசு நோவும்ல. குறை சொல்லக்கூடாது வாப்பா. அவங்களுக்கு அல்லாஹ் பரக்கத்துச் செய்யட்டும்" என்றார்.

கொடுத்த வீடுகள் எவை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்த வீட்டாரும் கெட்ட கறியைக் கொடுக்க நினைத்திருக்கமாட்டார்கள். ஆயிரக்கணக்கில் பணம் செலவிட்டு, நல்ல பிராணியைத் தேடி வாங்கி, உளத்தூய்மையோடு அறுத்தவர்கள்தாம் அவர்கள். அறுக்கும்போது நல்லதாக இருந்த கறி அந்த மூதாட்டியின் வாசலை அடையும்போது ஏன் கெட்டுப்போயிற்று? அதைத்தான் நாம் சிந்திக்கவேண்டும்.

சூடு என்னும் பகை

உயிரோடு நிற்கும் ஆட்டின் உடல் வெப்பம் ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ். மாட்டுக்கு ஏறத்தாழ 38.5 டிகிரி. அறுத்தவுடன் அந்த வெப்பம் நீங்கிவிடுவதில்லை. தோல் அதைப் போர்வைபோல் மூடிக் காக்கிறது. கொழுப்பு காக்கிறது. குடலில் உள்ள தீனி புளித்து மேலும் வெப்பம் தருகிறது. தோலை உரித்துக் குடலை நீக்கிய பிறகும், தொடை போன்ற தடித்த பகுதிகளில் எலும்பை ஒட்டிய சதை நெடுநேரம் சூடாகவே இருக்கும். மேலே தொட்டால் ஆறியதுபோல் தோன்றும், உள்ளே ஆறியிராது. மாட்டுத் தொடையை அப்படியே வைத்திருந்தால் முதலில் வாடை எழுவது எலும்பருகில்தான் என்பது கறிக்கடைக்காரர்கள் அறிந்த செய்தி.

நோயற்ற பிராணியின் சதைக்குள் கிருமிகள் அநேகமாக இருப்பதில்லை. தோலிலிருந்தும், குடலிலிருந்தும், கத்தியிலிருந்தும், நம் கைகளிலிருந்தும், கழுவும் நீரிலிருந்தும்தான் அவை கறியின்மேல் வந்து படிகின்றன. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் அவை பெருகுவதற்கு ஏற்றது. உடற்சூட்டை ஒட்டிய வெப்பநிலையும் ஈரமும் சேர்ந்தால் சில கிருமிகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு மணி நேரத்தில் ஒன்று 4096 ஆகிவிடும்! காலை ஒன்பது மணிக்கு அறுத்த கறியைச் சூடு ஆறுமுன்பே பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி, பிற்பகல் இரண்டு மணிக்குக் கொடுத்தால் அந்தப் பைக்குள் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பைக்குள் காற்றுப் புகாது, சூடு வெளியேறாது, கறி வியர்த்து நீர்கோக்கும். கிருமிகளுக்கு இதைவிடச் சிறந்த விருந்து மாளிகையை யாரும் கட்டித்தர இயலாது.

"நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறுவோரும் உண்டு. கொதி கிருமிகளைக் கொல்லும் என்பது மெய்யே. ஆனால், சில வகைக் கிருமிகள் பெருகும்போது கறியில் விட்டுவிடும் நச்சு கொதித்தாலும் அழிவதில்லை. ஆகவே, வாடை வீசிய கறியை மசாலாவால் மறைத்து உண்பது துணிவு அன்று, பேதைமை.

வேட்டைக்காரர் அறிந்த இலக்கணம்

இந்தப் பாடத்தை மனிதகுலம் முதன்முதலில் கற்றது கசாப்புக் கடையில் அன்று, காட்டில். வேட்டையாடியவன் வீட்டிலிருந்து வெகுதொலைவில் இருப்பான். கையில் கிடைத்த மானை ஊர் கொண்டு சேர்க்க ஒரு நாள் ஆகலாம். இரண்டு நாளும் ஆகலாம். அதற்குள் கறி கெட்டால் உழைப்பு வீண். உயிர் ஒன்றைப் போக்கியதும் வீண். இக்காலத்திலும், சட்டம் அனுமதிக்கும் குளிர்நாடுகளில் மான் வேட்டைக்குச் செல்வோர் இதை இலக்கணமாகவே பின்பற்றுகின்றனர். மான் விழுந்தவுடன் வயிற்றைத் திறந்து குடலை நீக்குவார்கள். விலாவை ஒரு குச்சியால் விரித்து வைத்துக் காற்றுப் புகவிடுவார்கள். வெயில் படாத நிழலில், தரையில் படாமல் தொங்கவிடுவார்கள். ஈ மொய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியால் மூடுவார்கள், பிளாஸ்டிக்கால் மூடமாட்டார்கள். பனிக்கட்டி வைத்தால் உருகும் நீரில் கறி ஊறாதபடி பார்த்துக்கொள்வார்கள். விரைவாகக் குளிரச் செய்வது, உலர்வாக வைப்பது, அழுக்குப் படாமல் காப்பது என்னும் இம்மூன்றும்தான் அந்த இலக்கணம்.

நம் நாட்டில் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆகையால் வேட்டை நமக்குத் தேவையில்லை. அந்த இலக்கணம் மட்டும் தேவை.

வேட்டைக் கறியைப் பற்றிய நபிமொழிகளிலும் இதற்கான குறிப்பு இருப்பதைக் கண்டு நான் வியந்ததுண்டு. அம்பு பட்டு ஓடி மறைந்த வேட்டைப் பிராணியை ஓரிரு நாள் கழித்துக் கண்டெடுத்தால் என்ன செய்வது என்னும் கேள்விக்கு, அதில் தன் அம்பின் காயத்தைத் தவிர வேறு காயம் இல்லையெனில் உண்ணலாம் என்றும், நீரில் மூழ்கிக் கிடக்கக் கண்டால் உண்ணவேண்டாம் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு விளக்கினார்கள். அபூ ஸஅலபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியில், மூன்று நாள் கழித்துக் கிடைத்த வேட்டையையும் துர்வாடை வீசாதவரை உண்ணலாம் என்று வருகிறது. பார்த்தீர்களா? முறைப்படி வேட்டையாடியது, ஹலால் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாடை வீசினால் விலகிக்கொள்ள வேண்டும்! ஹலாலோடு தய்யிபும் சேரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

சுன்னத்தில் பொதிந்த நுட்பம்

இறுதி ஹஜ்ஜின்போது அண்ணலார் குர்பானி கொடுத்தபின், உடனிருந்த ஸவ்பான் (ரலி) அவர்களிடம் அந்த இறைச்சியைப் பக்குவப்படுத்தி வைக்குமாறு பணித்தார்கள். மதீனா வந்து சேரும்வரை அதிலிருந்தே அண்ணலாருக்கு உணவளித்ததாக ஸவ்பான் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கும் மேல். ஒட்டகப் பயணம், பாலைவனம். பனிக்கட்டி இல்லாத காலத்தில் கறியைக் காத்த கலை அது.

அந்தக் கலை என்ன? மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்பிட்டு, வெயிலிலும் காற்றிலும் உலர்த்துவது. அரபியர் அதைக் கதீத் என்றனர். நம் பாட்டிமார் உப்புக்கண்டம் என்றனர். துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய நாட்களுக்கு அய்யாமுத் தஷ்ரீக் என்று பெயர் வந்ததற்கு அறிஞர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று, அந்நாட்களில் குர்பானிக் கறியை வெயிலில் பரப்பி உலர்த்தினார்கள் என்பதே. கறியைக் காக்கும் செயலே நாட்களின் பெயராக நிலைத்துவிட்டது!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். வெயில் கறிக்குப் பகை என்றேன். இப்போது வெயிலில் உலர்த்தினார்கள் என்கிறேன். முரண் அன்று. தடித்த, ஈரமான, குவித்த கறிக்கு வெயில் பகை. மெல்லிய, உப்பிட்ட, பரப்பிய கறிக்கு அதே வெயில் துணை. உப்பு கறியின் நீரை வெளியே இழுக்கிறது. வெயிலும் காற்றும் அதைக் கொண்டுபோகின்றன. நீரில்லாத இடத்தில் கிருமி பெருகாது. காக்கும் வழி இரண்டுதான்: குளிர வைக்கவேண்டும், அல்லது உலர வைக்கவேண்டும். இரண்டும் செய்யாமல் கட்டி வைப்பது கெடுப்பதற்கான வழி.

பிராணியிடம் கருணை காட்டுமாறு அண்ணலார் கட்டளையிட்டதிலும் இதற்குத் தொடர்பு உண்டு. கத்தியைக் கூர்மையாக்குங்கள், பிராணிக்கு ஆறுதல் அளியுங்கள் என்பது அவர்கள் போதனை. ஓய்வாக இருக்கும் பிராணியின் தசையில் கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சத்து சேமிப்பாக இருக்கும். அறுத்தபின் அது லாக்டிக் அமிலமாக மாறி, கிருமிகள் எளிதில் பெருகாதபடி கறியைக் காக்கிறது. நெடுந்தொலைவு ஓட்டி, லாரியில் திணித்து, மிரட்டி இழுத்து அறுத்த பிராணியிடம் அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும். அதன் கறி கருத்துப் பிசுபிசுத்து விரைவில் கெடும். வாயில்லா உயிருக்குக் காட்டும் இரக்கம் கடைசியில் உண்பவரையும் காக்கிறது. ஓரிரு நாள் முன்பே பிராணியைக் கொண்டுவந்து, நிழலில் கட்டி, தண்ணீர் காட்டி வைப்பதன் பயன் இதுவும்தான்.

வரும் பெருநாட்கள் கத்திரி வெயிலில்

வாசகர்களே! இதை நான் இப்போது வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சந்திர நாட்காட்டி ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகர்கிறது. 2023-இல் ஜூன் 29 அன்றும், 2024-இல் ஜூன் 17 அன்றும், 2025-இல் ஜூன் 7 அன்றும் நாம் ஹஜ்ஜுப் பெருநாளைக் கொண்டாடினோம். இந்தக் கணக்கின்படி 2026 முதல் 2028 வரையிலான பெருநாட்கள் மே மாதத்தில் அமைகின்றன. மே மாதம் என்றால் தமிழகத்தில் கத்திரி வெயில்! வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் மாதம் அது.

ஆட்டின் உடல் வெப்பம் 39 டிகிரி என்று முன்பு சொன்னேன் அல்லவா? வெளிக்காற்றும் அதே சூட்டில் வீசும் நண்பகலில் கறியை எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் அது ஆறாது. குளிர்நாட்டு வேட்டைக்காரனுக்குக் காற்றே துணை செய்கிறது. நமக்கு அது துணை செய்யாது. அப்படியானால் நாம் நம்பவேண்டியது எதை? அதிகாலையை!

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையை முன்நேரத்தில் நிறைவேற்றுவது சுன்னத் என்று மார்க்க அறிஞர்கள் கூறுகின்றனர். குர்பானிக்கு நேரம் கிடைக்கவேண்டும் என்பதே காரணம். கோடைக்காலத்தில் இந்தச் சுன்னத்தின் அருமை இன்னும் விளங்கும். தொழுகை முன்நேரத்தில் முடிந்தால், வெயில் ஏறுமுன் அறுத்து, உரித்து, வெட்டி முடித்துவிடலாம். எல்லா வீடுகளிலும் முதல் நாள் நண்பகலில்தான் அறுக்கவேண்டும் என்பதில்லை. முதல் நாள் சிறப்புடையது. ஆயினும் ஹனஃபி மத்ஹபில் துல்ஹஜ் 12 வரையிலும், ஷாஃபிஈ மத்ஹபில் 13 வரையிலும் குர்பானி கொடுக்க அனுமதி உண்டு. அறுப்பவர் கிடைக்காமல் பகல் பன்னிரண்டு மணிவரை காத்திருந்து கொதிக்கும் வெயிலில் அறுப்பதைவிட, மறுநாள் சுப்ஹுக்குப் பின் குளிர்ந்த வேளையில் அறுப்பது அறிவுடைமை அன்றோ?

வீட்டில் செய்யவேண்டியவை

இனி, இல்லத்தரசிகளுக்கும் இல்லத்தரசர்களுக்கும் சில சொற்கள்.

வெட்டிய கறியைக் குவிக்காதீர்கள். அகன்ற தாம்பாளங்களில் மெல்லப் பரப்பி, மின்விசிறியின் கீழ் வைத்து, மெல்லிய துணியால் மூடுங்கள். தடித்த தொடையை எலும்போடு வைக்காமல் பிரித்து வெட்டுங்கள். கோடையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைக்கவேண்டாம்.

ஈரலையும் மற்ற உள்ளுறுப்புகளையும் அன்றே சமைத்துவிடுங்கள். பெருநாள் அன்று ஈரலை முதலில் சமைப்பது நம் வீடுகளின் வழக்கம்; விரைவில் கெடுவதும் அதுவே என்பதால் அது நல்ல வழக்கம்.

சேமிக்கும் கறியைக் கழுவி ஈரத்தோடு வைக்காதீர்கள். ஈரம் கிருமிக்கு உதவும். நீர் வடியவைத்து உலர்வாக வையுங்கள், சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம்.

குளிர்சாதனப் பெட்டியில் பத்துக் கிலோ சூடான கறியை ஒரே மூட்டையாகத் திணித்தால், பெட்டி கறியைக் குளிர்விப்பதற்குப் பதிலாகக் கறி பெட்டியைச் சூடாக்கிவிடும். உள்ளே இருக்கும் பாலும் கெடும். அரைக் கிலோ அளவில், இரண்டு விரற்கடைத் தடிமனில், தட்டையான பொட்டலங்களாக்கி இடைவெளி விட்டு அடுக்குங்கள். பெட்டியின் உள்ளே 4 டிகிரிக்கு மேல் போகக்கூடாது; உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரி இருப்பது நன்று.

அறுத்தவுடன் நேராக உறைபெட்டியில் வைத்த கறி ரப்பர்போல் இறுகிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். அறுத்த பிராணியின் தசை முதலில் விறைத்துப் பின்னர்தான் தளரும். விறைப்பதற்கு முன்பே உறையச் செய்தால் கறி கடினமாகிவிடும். ஆகவே, முதலில் சூட்டை ஆற்றி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, பிறகு உறைபெட்டிக்கு மாற்றுங்கள். உறைந்த கறியை வெளியில் வைத்து உருக்காமல், முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்து உருக்குங்கள். உறைதல் கிருமியைத் தூங்கவைக்குமே தவிர, கொல்லாது.

முதல் பங்கு யாருக்கு?

இவையெல்லாம் பெட்டி வைத்திருப்போருக்கு. பெட்டி இல்லாதவருக்கு?

குர்பானிக் கறியை மூன்று பங்காக்கி, ஒன்றைத் தாமும், ஒன்றை உற்றார் உறவினரும், ஒன்றை ஏழைகளும் உண்ணச் செய்வது விரும்பத்தக்கது. ஷாஃபிஈ மத்ஹபில் ஏழைக்கு ஒரு பகுதியைப் பச்சைக் கறியாகவே கொடுப்பது கட்டாயம். இந்தப் பங்கீட்டில் நாம் அளவைக் கவனிக்கிறோம், நேரத்தைக் கவனிப்பதில்லை. முதலில் நம் வீட்டுப் பங்கு பெட்டிக்குள் போகிறது. அடுத்து சம்பந்தி வீட்டுக்கும் மைத்துனர் வீட்டுக்கும் தூக்குப்பாத்திரங்கள் புறப்படுகின்றன. எல்லாம் முடிந்து, உண்டு, சற்றே இளைப்பாறிய பின்னர், முற்றத்து ஓரத்தில் கட்டிவைத்த பைகள் ஏழைகளின் வாசலுக்குப் போகின்றன. பெட்டி உள்ளவருக்குக் கறி விரைவாகவும், பெட்டி இல்லாதவருக்குத் தாமதமாகவும் சென்று சேர்கிறது. இது நேர்மாறாக அல்லவா இருக்கவேண்டும்?

கண்ணை மூடிக்கொண்டே அன்றித் தாமே பெற விரும்பாத மட்டமான பொருளைப் பிறருக்குச் செலவிட நாடவேண்டாம் என்று திருக்குர்ஆன் எச்சரிக்கிறது (2:267). கொடுக்கப் புறப்பட்டபோது நல்லதாக இருந்து, நம் தாமதத்தால் கெட்டுப்போன பொருளும் பெறுகிறவர் கையில் மட்டமான பொருள்தான்.

ஆகவே, ஒவ்வொரு வீட்டாரும் ஓர் உறுதி எடுத்துக்கொள்ளலாம்: முதலில் வெட்டி ஆறிய கறி, குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு. கொடுக்கும்போது, எத்தனை மணிக்கு அறுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எதை முதலில் சமைப்பது என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். ஆறாத கறியைப் பிளாஸ்டிக் பையில் இடாமல், பாத்திரத்திலோ ஓலைப் பெட்டியிலோ கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஏழை வீட்டுக்கு ஒரே பிற்பகலில் ஏழெட்டு வீட்டுக் கறி குவிகிறது. பிறகு பல வாரங்கள் கறியின் வாடைகூட இல்லை. அவர்கள் பங்கை அவர்கள் பெயரிட்டு நம் பெட்டியில் வைத்துக் காத்து, அடுத்தடுத்த நாட்களில் அவர்கள் கேட்கும்போது கொடுத்தால் என்ன? நம் வீட்டுப் பெட்டியில் ஒரு தட்டு இடம் கொடுப்பதும் ஸதகா அல்லவா? கேட்பவருக்கும், கேட்காமல் மனநிறைவோடு இருப்பவருக்கும் உண்ணக் கொடுங்கள் என்கிறது இறைமறை (22:36). கேட்காதவரைத் தேடிப் போவது நம் கடமை.

ஜமாஅத் நிர்வாகிகள் மனம்வைத்தால் இதை ஊர் அளவில் செய்யலாம். பெட்டி இல்லாத வீடுகளின் பட்டியலைப் பெருநாளுக்கு முன்பே எடுக்கலாம். மதரஸாவில் பெரிய உறைபெட்டி ஒன்றை வைக்கலாம். கடலோர ஊர்களில் மீன் வணிகர்களின் ஐஸ் பெட்டிகளைத் தூய்மையாகக் கழுவி அந்த நாட்களுக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆறிய கறியைப் பையிலிட்டு, உருகும் நீர் படாமல், பனிக்கட்டிகளுக்கு இடையே வைத்தால் தெருத்தெருவாகக் கொண்டுசெல்லும்வரை கெடாது. கறி ஆறிய பிறகு பை தீங்கில்லை; ஆறுமுன்தான் தீங்கு.

இது பெருஞ்செயல் என்று மலைக்கவேண்டாம். ஹஜ்ஜின்போது மினாவில் இலட்சக்கணக்கில் பிராணிகள் அறுக்கப்பட்டு, கறியைக் காக்க வழியின்றிப் பெரும்பகுதி மண்ணில் புதைக்கப்பட்ட காலம் இருந்தது. 1983-ஆம் ஆண்டு இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் பொறுப்பில் அந்த இறைச்சியைக் காத்துப் பயன்படுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. மினாவில் அறுத்த கறி குளிரூட்டப்பட்டு, பல நாடுகளின் ஏழைகளுக்குச் சென்று சேரும் நிலை வந்தது. அத்தனை பெரிய திடலில் முடிந்தது நம் மஹல்லாவின் நான்கு தெருக்களில் முடியாதா?

மதீனாவில் ஓர் ஆண்டு வறுமையால் வாடிய மக்கள் வந்து சேர்ந்தபோது, குர்பானிக் கறியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்கவேண்டாம் என்று அண்ணலார் தடுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்நிலை மாறியபோது, உண்ணுங்கள், கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று அனுமதித்தார்கள். சேமிப்பதா, உடனே பகிர்வதா என்பதை அன்று முடிவு செய்தது ஏழையின் நிலைமை. நம் வீட்டுப் பெட்டியின் கொள்ளளவு அதை முடிவு செய்யலாமா?

குர்பானியின் இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வை அடைவதில்லை. நம் இறையச்சமே அவனை அடைகிறது (22:37). அந்த இறைச்சி அடைவது மனிதர்களை. அது அவர்களை நல்ல நிலையில் அடையுமாறு பார்த்துக்கொள்வதும் இறையச்சத்தின் ஒரு கிளைதான். வரும் பெருநாளில் கத்தியைத் தீட்டும்போதே தாம்பாளத்தையும் எடுத்து வையுங்கள். பிராணியை அறுக்கும் நேரத்தைக் குறிக்கும்போதே, முதல் பங்கு சென்று சேரவேண்டிய வாசலையும் குறித்து வையுங்கள்.

ஹலாலையும் தய்யிபையும் இணைத்தே பேணும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.